நிதிப் பற்றாக்குறையிலும் ஆலோசனை நிறுவனத்துக்குப் பெருந்தொகை: குடியிருப்போர் எந்த வழியில் ஆட்சேபிக்கலாம்?

தெருவிளக்கு மாற்றவும் மழைநீர் வடிகாலைத் தூர்வாரவும் நிதியில்லை என்று கைவிரிக்கும் ஒரு நகராட்சி, அதே மாதத்தில் ஒரு தனியார் ஆலோசனை நிறுவனத்துக்குப் பெருந்தொகை வழங்கத் தீர்மானம் நிறைவேற்றும்போது, வரி கட்டும் மக்களுக்குக் கோபம் வருவது இயல்பு. தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்த்தப்பட்டது. சென்னையின் பழைய மாநகராட்சிப் பகுதியில் 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு அந்த உயர்வு 150 விழுக்காடு. இவ்வளவு கூடுதலாகக் கட்டிய பிறகும் நிதியில்லை என்ற பதிலே கிடைக்கிறதென்றால், இருக்கும் நிதி எங்கே போகிறது என்று கேட்க குடியிருப்போருக்கு முழு உரிமை உண்டு.

ஆனால் கேட்பது என்று முடிவெடுத்த நலச்சங்கங்கள் பெரும்பாலும் அடுத்த அடியில்தான் திணறுகின்றன. கவுன்சிலரைப் பார்த்தால் போதும் என்கிறார் ஒருவர். தகவல் உரிமை மனு போடலாம் என்கிறார் இன்னொருவர். நேரே உயர் நீதிமன்றத்துக்கே போய்விடலாம் என்றும் ஒரு குரல் எழுகிறது. இவை ஒன்றுக்கொன்று மாற்றல்ல என்பதையும், ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் மட்டுமே பலன் தரும் என்பதையும் விளக்கவே இந்த ஒப்பீடு.

## எதை எதிர்க்கிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்

நகர்ப்புற உள்ளாட்சிகளின் பணம் ஒரே பெட்டியில் இருப்பதில்லை. பொது வருவாயும் மூலதனமும் ஒரு கணக்கு, குடிநீர் வழங்கலும் வடிகாலும் இன்னொரு கணக்கு, தொடக்கக் கல்வி மற்றொன்று. இவற்றுக்கு வெளியே, நகரக் குடிநீர், கழிவுநீர் வசதிகளுக்கான அம்ருத் போன்ற ஒன்றிய அரசுத் திட்டங்களின் மானியமும், தமிழ்நாடு நகர்ப்புற உட்கட்டமைப்பு நிதிச் சேவைகள் நிறுவனம் வழியாக வரும் உலக வங்கிக் கடனும் உண்டு. 2015-இல் தொடங்கிய சீர்மிகு நகரத் திட்டத்தின் வழிகாட்டு நெறிகளே, மாநிலத்தின் நிர்வாகச் செலவுக்கும் திட்ட ஆலோசகர்களுக்கும் ஒன்றிய நிதியில் 5 விழுக்காடு ஒதுக்க இடம் தந்தன. அப்படிப்பட்ட தலைப்பில் வரும் ஆலோசனைக் கட்டணத்தை நிறுத்தினாலும் அந்தப் பணம் உங்கள் தெருச் சாலைக்கு வராது. எனவே ஆட்சேபனை எழுதுமுன் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி, கட்டணம் எந்த நிதித் தலைப்பிலிருந்து போகிறது என்பதே. பொது நிதியிலிருந்து போகிறது என்றால் உங்கள் வாதம் வலுவானது. கடனிலிருந்து போகிறது என்றாலும் வாதம் உண்டு, ஏனென்றால் கடனைத் திருப்பிக் கட்டப்போவது அதே பொது நிதிதான். ஆனால் வாதத்தை வேறு விதமாக அமைக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது வேலையின் தன்மை. பாதாள சாக்கடைத் திட்டத்துக்கு நில மட்ட அளவீடும் நீரோட்டக் கணக்கும் தேவை. சிறிய நகராட்சியின் பொறியியல் பிரிவால் அதைத் தனியே செய்ய முடியாமல் போகலாம். அதற்கு வெளியாள் வைப்பதை நான் எதிர்க்க மாட்டேன். மாறாக, உதவிப் பொறியாளர் தயாரிக்க வேண்டிய சாலை மதிப்பீட்டையும், வருவாய்ப் பிரிவு செய்ய வேண்டிய சொத்து வரிப் பதிவேட்டுச் சரிபார்ப்பையும் வெளியே கொடுப்பது, ஏற்கெனவே சம்பளம் கொடுக்கும் வேலைக்கு இரண்டாம் முறை பணம் கொடுப்பதாகும்.

மூன்றாவது, நான் மிக முக்கியமாகக் கருதுவது, கட்டணம் கணக்கிடப்படும் முறை. திட்ட மதிப்பீட்டில் இத்தனை விழுக்காடு என்று கட்டணம் வைத்தால், மதிப்பீடு உயர உயர ஆலோசகரின் வருமானமும் உயர்கிறது. எடுத்துக்காட்டாக, 100 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2 விழுக்காடு என்றால் கட்டணம் 2 கோடி. அதே திட்டத்தை 130 கோடிக்கு மதிப்பிட்டால் கட்டணம் 2.6 கோடி. சிக்கனமாகத் திட்டமிடுபவர் தன் வருமானத்தைத் தானே குறைத்துக்கொள்கிறார். நகராட்சி மன்றத்தில் இந்தக் கேள்வி எழுப்பப்படுவது அரிது. கட்டணத் தொகை அதிகம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதைவிட, விழுக்காட்டு முறையைக் கைவிட்டு நிலையான தொகைக்கு ஒப்பந்தம் போடுங்கள் என்று கேட்பது எந்த அலுவலராலும் எளிதில் ஒதுக்கித் தள்ள முடியாத கோரிக்கை.

## எடைபோட உதவும் அளவுகோல்கள்

நான்கு கேள்விகளை வைத்துக்கொண்டேன். செலவு நிகழுமுன் பலன் தருமா, நிகழ்ந்த பின்னரா? கைப்பணமும் உழைப்பும் எவ்வளவு ஆகும்? கிடைக்கும் முடிவு நிர்வாகத்தைக் கட்டுப்படுத்துமா, வெறும் பரிந்துரையாக நிற்குமா? இந்த வழியில் போவதால் வேறு எந்தக் கதவு மூடும்? நான்காவது கேள்வியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

| வழி | உகந்த கட்டம் | பணச் செலவு | முடிவின் வலு |
|---|---|---|---|
| மன்றமும் பகுதி சபாவும் (வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் கூட்டம்) | தீர்மானத்துக்கு முன் | ஏறக்குறைய இல்லை | தீர்மானம் தள்ளிவைக்கப்பட்டால் முழு வலு |
| தகவல் உரிமை மனு | எந்தக் கட்டமும் | மிகக் குறைவு | ஆவணம் மட்டும் கிடைக்கும் |
| நிதித் தணிக்கை | பணம் கொடுத்த பின் | இல்லை | மெதுவானது, ஆனால் அலுவலரைத் தொடும் |
| முறைமன்ற நடுவம் (உள்ளாட்சிகள் மீதான புகார்களை விசாரிக்கும் அமைப்பு) | முறைகேட்டுக்கு ஆதாரம் கிடைத்த பின் | குறைவு | விசாரணை அதிகாரம் உண்டு |
| உயர் நீதிமன்றம் | நடைமுறை மீறல் தெளிவாக இருக்கும்போது | மிக அதிகம் | கட்டுப்படுத்தும் |

## மன்றமும் பகுதி சபாவும்

பணம் போகுமுன் தடுக்க விரும்புவோருக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை என்பது என் உறுதியான கருத்து. 2022-இல் வெளியான விதிகளின்படி வார்டு குழுக்களும் பகுதி சபாக்களும் அமைக்கப்பட்டன; அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று முதல் பகுதி சபாக் கூட்டங்கள் நடந்தன. தெருவில் குப்பை அள்ளவில்லை, குடிநீர் வரவில்லை என்ற புகார்களுக்கே அந்த மேடை பெரும்பாலும் பயன்படுகிறது. வரவு செலவுத் திட்டம் பற்றியும் அங்கே கேட்கலாம். கேட்டதைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் பதியச் சொல்லலாம்.

மன்றக் கூட்டத்தின் பொருள் பட்டியலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: குடிநீர்க் குழாய் பழுது, மோட்டார் பழுது, தற்காலிகப் பணியாளர் ஊதியம் என்று நீளும் பல பத்துப் பொருள்களுக்கு நடுவே, திட்ட அறிக்கை தயாரிக்கக் கலந்தாலோசகர் நியமனம், மன்றத்தின் அனுமதிக்கு என்று ஒரு பத்தி இருக்கும். எல்லாப் பொருளும் சில நிமிடங்களில் ஒருமனதாக நிறைவேறிவிடும். எனவே கூட்டத்துக்கு முன்பே உங்கள் வார்டு உறுப்பினரிடமிருந்து பட்டியலை வாங்கிப் படிக்க வேண்டும். அவரிடம் நியமனத்தை எதிர்த்துப் பேசுங்கள் என்று கேட்டால், கட்சிக் கட்டுப்பாடு காரணமாக அவர் தயங்குவார். இந்தப் பொருளை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்து, காலிப் பணியிட விவரத்தையும் மாற்று வழிகளின் செலவையும் இணைத்து வையுங்கள் என்று கேட்கச் சொன்னால், ஆளுங்கட்சி உறுப்பினரும் கேட்க முடியும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியமோ அரசுப் பொறியியல் கல்லூரியோ இதே வேலையை என்ன கட்டணத்தில் செய்து தரும் என்பதே அந்த மாற்று வழி. அவர்களும் கட்டணம் வாங்குவார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒப்பிட்டுப் பார்த்தோமா என்பதே கேள்வி.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. ஆட்சேபிக்கும் சங்கம் எதிர்க்கட்சிச் சங்கம் என்று முத்திரை குத்தப்படலாம். அடைத்துக்கொண்ட சாக்கடைக்கு நாளை அதே உறுப்பினரிடம்தான் போக வேண்டும். மேலும், தலைவரின் முன் அனுமதியோடு வேலையைத் தொடங்கிவிட்டு மன்றத்தில் பின்னேற்புக்காக மட்டும் வைக்கும் வழக்கமும் இருக்கிறது. அப்படி வந்த பொருளை மன்றத்தில் தடுப்பது மிகக் கடினம்.

தீர்மானம் முடிந்து ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்ட கட்டத்தில் குடியிருப்போருக்கு இடம் குறைவு. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998 மேல்முறையீட்டு உரிமையை ஒப்பந்தப்புள்ளி அளித்தவருக்கே தருகிறது. வரி கட்டுபவருக்குத் தரவில்லை. ஆனால் அறிவிப்பை இணையத்தில் படிக்கலாம். இரண்டு கோடி ரூபாய் வரையிலான ஒப்பந்தப்புள்ளிக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாளும் அவகாசம் தர வேண்டும் என்பது விதி. அவகாசம் குறைக்கப்பட்டிருந்தால் அதற்கு எழுத்தில் காரணம் பதியப்பட்டிருக்கிறதா என்று கேட்பது, பின்னால் எந்த வழியில் போனாலும் பயன்படும்.

## தகவல் உரிமை மனு

இது ஆட்சேபனை ஆகாது, ஆட்சேபனைக்கு வேண்டிய கச்சாப்பொருளைத் தருவது. பத்து ரூபாய்க் கட்டணம், பக்கத்துக்கு இரண்டு ரூபாய், 30 நாளில் பதில். பதில் வராவிட்டாலோ திருப்தியில்லை என்றாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் பலனில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையத்தின் படியை எட்டினால் காத்திருப்பு நீளும் என்பதால், நடந்துகொண்டிருக்கும் நியமனத்தைத் தடுக்க இந்த வழியை மட்டும் நம்பக் கூடாது.

மனுவில் கேள்வி கேட்பதைவிடக் கோப்பைப் பார்க்கக் கேட்பது நல்லது. அதற்குச் சட்டப் பிரிவின் எண்ணைத் தேடிக் குழம்ப வேண்டாம். கோப்பை நேரில் பார்வையிட்டுக் குறிப்பெடுத்துச் சான்றிட்ட நகல் பெற விரும்புகிறேன் என்று எழுதினாலே போதும், தகவல் உரிமை என்பதன் வரையறைக்குள் அது அடங்கும். ஒரு நகராட்சியில் இப்படி ஒரு கோப்பை நான் பார்வையிட்டிருக்கிறேன். வெளியாள் ஏன் தேவை என்பதற்கு அலுவலகக் குறிப்பில் இருந்தது ஒரே வரி: இப்பணியை மேற்கொள்ளப் போதிய தொழில்நுட்பப் பணியாளர்கள் இல்லை. அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை என்ற பட்டியல் இணைக்கப்படவில்லை. அடுத்த பக்கத்திலேயே ஆணையரின் கையெழுத்து இருந்தது. கோப்பைப் புரட்டியிருக்காவிட்டால், போதிய பணியாளர் இல்லை என்பது ஆய்ந்து கண்டறிந்த உண்மை என்றே நாங்களும் நம்பியிருப்போம்.

எனவே கேட்க வேண்டியவை: நியமனத்துக்கான அலுவலகக் குறிப்பு, மன்றத் தீர்மானம், பொறியியல் பிரிவின் பணியிட விவரம், பணி வரையறை, பணி ஆணை, இதுவரை கொடுத்த தொகையும் அதற்கான கட்டணப் பட்டியல்களும் (பில்), அதே பொருளில் கடந்த பத்து ஆண்டுகளில் தயாரித்த பழைய அறிக்கைகள். கடைசியாகச் சொன்னதை விட்டுவிட வேண்டாம். ஒரே ஏரிக்கோ ஒரே சந்தைக்கோ ஏற்கெனவே ஓர் அறிக்கை அலமாரியில் இருந்தால், உங்கள் ஆட்சேபனை அங்கேயே பாதி நிரூபணமாகிவிடும்.

வணிக ரகசியம் என்று மறுப்பு வரலாம். சட்டத்தின் 8(1) பிரிவில் அதற்கு இடம் உண்டு; பெரிய பொதுநலன் இருந்தால் வெளியிடலாம் என்பதும் அதே சட்டத்தில் உண்டு. பொதுப் பணத்தில் எழுதி முடித்த ஒப்பந்தத்தின் தொகையை ரகசியம் என்று சொல்வது நிலைக்காது. மேல்முறையீட்டில் இதைத் தெளிவாக எழுத வேண்டும். இந்த உரிமை குடிமக்களுக்கே தரப்பட்டிருப்பதால், மனுவைச் சங்கத்தின் பெயரில் போடாமல் ஒரு தனிநபரின் பெயரில் போடுவது பாதுகாப்பு. அந்த ஒருவரின் பெயரும் முகவரியும் அலுவலகம் முழுவதும் தெரிந்துவிடும் என்பதே இந்த வழியின் மறைமுக விலை. சங்கத்தில் பலர் ஆளுக்கொரு மனு போட்டால் அந்தச் சுமை பகிரப்படும்.

## நிதித் தணிக்கை

மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படும் வழி இதுதான். உள்ளாட்சிகளின் கணக்குகளை மாநில அரசின் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை தணிக்கை செய்கிறது. இதற்கென 2014-இல் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. பயனற்ற செலவு என்றோ விதி மீறிய செலவு என்றோ தணிக்கையாளர் கருதினால் தணிக்கைத் தடை (எழுத்து மூலமான ஆட்சேபக் குறிப்பு) எழுப்புவார். நிர்வாகம் அதற்குப் பதில் சொல்லித் தடையை நீக்கிக்கொள்ள வேண்டும். இழப்பைப் பொறுப்பான அலுவலரிடமே வசூலிக்கும் நிலை வரை அது போகக்கூடும் என்பதால், ஆர்ப்பாட்டத்துக்கு அசையாத அலுவலரும் தணிக்கைத் தடைக்குப் பதில் தேடுவார்.

குடியிருப்போர் செய்யக்கூடியது, தகவல் உரிமை மூலம் பெற்ற ஆவணங்களை இணைத்து, இன்ன பணி ஆணையின் கீழ் கொடுத்த தொகைக்கு ஈடான அறிக்கை பெறப்படவில்லை, அல்லது பெற்ற அறிக்கை பயன்படுத்தப்படவில்லை என்று மாவட்டத் தணிக்கை அலுவலகத்துக்கு எழுதுவது. உணர்ச்சியைக் குறைத்து, பணி ஆணை எண்ணையும் தேதியையும் தொகையையும் தெளிவாகக் கொடுத்தால் போதும். உங்கள் கடிதத்தின் மீது கட்டாயம் தடை எழுப்ப வேண்டும் என்ற கடமை தணிக்கையாளருக்கு இல்லை. பலன் தெரிய நீண்ட காலம் ஆகும். போன பணம் பெரும்பாலும் திரும்பாது. அடுத்த முறை அதே மாதிரிக் குறிப்பு எழுதும் கை தயங்கும், இந்த வழியின் பலன் அதுவே.

முந்தைய ஆண்டுகளின் தணிக்கை அறிக்கைகளைத் தகவல் உரிமை மூலம் வாங்கிப் படிப்பதும் நல்லது. ஆலோசனைக் கட்டணம் பற்றி ஏற்கெனவே தடை நிலுவையில் இருந்தால், மன்றத்தில் அதைக் காட்டிப் புதிய நியமனத்தைத் தள்ளிவைக்கச் சொல்லலாம்.

## முறைமன்ற நடுவம்

தமிழ்நாடு உள்ளாட்சி முறைமன்ற நடுவச் சட்டம் 2014-இன்படி, உள்ளாட்சிகளில் நடக்கும் ஊழல், நிர்வாகச் சீர்கேடு பற்றிய புகார்களை விசாரிக்க நடுவருக்கு அதிகாரம் உண்டு. செலவு வீண் என்ற கருத்து மட்டும் உங்களிடம் இருந்தால் இங்கே போக வேண்டாம். ஒரே நிறுவனத்துக்கு ஏற்ற வகையில் தகுதி நிபந்தனைகள் எழுதப்பட்டன, வராத அறிக்கைக்குப் பட்டியல் தொகை கொடுக்கப்பட்டது என்பன போன்றவற்றுக்கு எழுத்து ஆதாரம் கையில் இருந்தால் மட்டுமே இது பொருந்தும். ஆதாரமின்றி ஒருவரைக் குற்றஞ்சாட்டுவது அவருக்கும் தீங்கு, உங்கள் சங்கத்தின் அடுத்த புகாருக்கும் தீங்கு.

## உயர் நீதிமன்றம்

பொதுநல வழக்கு என்ற சொல் நலச்சங்கக் கூட்டங்களில் வெகு எளிதாக உச்சரிக்கப்படுகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆம் பிரிவின் கீழ் சென்னையிலோ மதுரைக் கிளையிலோ மனு தாக்கல் செய்யலாம். கிடைக்கும் ஆணை நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தும் என்பதில் ஐயமில்லை. ஆனால் டாடா செல்லுலார் வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இன்றும் வழிகாட்டுகிறது: நீதிமன்றம் முடிவெடுத்த முறையைப் பார்க்கும், முடிவு சரியா என்று மேல்முறையீடு போல அமர்ந்து ஆராயாது. நிதி இல்லாத நேரத்தில் ஆலோசகர் தேவையா என்பது நீதிபதியின் பார்வையில் நிர்வாகத்தின் கொள்கை முடிவு. ஒப்பந்தப்புள்ளி கோராமல் நியமித்தார்கள், மன்றத் தீர்மானமே இல்லை என்பவை நடைமுறை மீறல்கள். முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு போனால் மனு தள்ளுபடியாகும் வாய்ப்பே அதிகம். அற்பமான பொதுநல வழக்குகளுக்குச் செலவுத்தொகை விதிக்க வேண்டும் என்று 2010-இல் பல்வந்த் சிங் சௌஃபல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

தள்ளுபடியின் விலை வழக்கறிஞர் கட்டணத்தோடு முடிவதில்லை. நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது என்று நிர்வாகம் அதன்பின் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லும். மன்றத்தின் கதவும் மூடிவிடும். வென்றாலும் ஒரு விலை உண்டு. அம்ருத் 2.0 போன்ற திட்டங்கள் குறித்த காலத்துக்கானவை. 2021 அக்டோபரில் ஐந்தாண்டுக் காலத்துக்கென அது தொடங்கப்பட்டது. இடைக்காலத் தடையால் திட்ட அறிக்கை தாமதமானால், ஊருக்கு வரவேண்டிய மானியமே கைநழுவலாம். எனவே தடை கேட்குமுன், எந்த அறிக்கை எந்த மானியத்தோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது சங்கத்தின் கடமை.

## உங்கள் நிலைமைக்கு எது?

நியமனம் பற்றிய பேச்சு மட்டும் அடிபடுகிறது, பொருள் இன்னும் மன்றத்துக்கு வரவில்லை என்றால், முழு உழைப்பையும் வார்டு உறுப்பினரிடமும் பகுதி சபாவிலும் செலுத்துங்கள்; தகவல் உரிமை மனுவை அதே வாரம் போட்டுவிடுங்கள், பதில் தாமதமாக வந்தாலும் பின்னால் உதவும். பணி ஆணை கொடுத்தாகிவிட்டது, பணம் தவணைகளில் போகிறது என்றால், நியமனத்தை ரத்துச் செய்யக் கோருவதைவிட, ஒவ்வொரு தவணைக்கும் ஈடாகப் பெற்றது என்ன என்று கேட்டு, அறிக்கையின் வரைவை மன்றத்தில் வைத்த பிறகே அடுத்த தவணை என்று தீர்மானம் கோருவது நடைமுறைக்கு ஒத்தது. முழுப் பணமும் போய்விட்டதென்றால் தணிக்கைதான் வழி. கூடவே, அந்த அறிக்கையை நகராட்சியின் இணையதளத்தில் வெளியிடச் சொல்லுங்கள். மக்கள் பணத்தில் எழுதிய அறிக்கையை மக்கள் படித்தால், அதே வேலைக்கு மீண்டும் ஒருவரை அமர்த்துவது கடினமாகும்.

காலமும் ஒரு காரணி. 2016 முதல் 2022 தொடக்கம் வரை தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. தனி அலுவலர்களே தீர்மானம் எழுதினார்கள். அந்த ஆண்டுகளில் முதல் வழி முற்றிலும் அடைபட்டிருந்தது. 2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. மன்றம் இருக்கும்போதே ஒரு பொதுத் தீர்மானம் கேட்டுப் பெறுவது நல்லது: பொது நிதியிலிருந்து ஆலோசனைக் கட்டணம் வழங்கும் எந்தப் பொருளும், பொறியியல் பிரிவின் காலிப் பணியிடப் பட்டியல், அரசு நிறுவனங்களின் ஒப்பீட்டுக் கட்டணம், அதே பொருளில் உள்ள பழைய அறிக்கைகளின் விவரம் ஆகிய மூன்றும் இணைக்கப்படாமல் மன்றத்தின் முன் வைக்கப்படக் கூடாது. தீர்மானத்தின் வாசகத்தைச் சங்கமே எழுதி, உறுப்பினரின் கையில் கொடுத்துவிடலாம்.